கொடி பிடிக்கிறவங்க: பந்தயப் பாதையோரத்து மார்ஷல்களின் கதை

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஏறுகிற மலை ரயிலைக் கவனிச்சுப் பார்த்திருக்கீங்களா? எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். எஞ்சின் டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாது. அதனால் முதல் பெட்டியின் முன்மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் சிவப்பு, பச்சைக் கொடிகளோடு நிற்பார். பாறை உருண்டு கிடக்கா, யானை நிக்குதா, மரம் சாய்ஞ்சிருக்கா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவர்தான். மற்ற பெட்டிகளிலும் பிரேக் பிடிக்க ஆட்கள் உண்டு. 1899-ல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்த காலத்து ஏற்பாடு இது. ஓட்டுகிறவருக்குத் தெரியாததை இன்னொருத்தர் பார்த்துச் சொல்றார், ஓட்டுகிறவர் அதை நம்புறார். அவ்வளவுதான் விஷயம்.

மோட்டார் பந்தயத்திலும் இதே வேலைக்கு ஆட்கள் இருக்காங்க. மார்ஷல் என்று பேர். டிவியில் பந்தயம் பார்க்கும்போது வளைவோரத்தில் ஆரஞ்சு உடையில் நின்று கொடி ஆட்டுவாங்களே, அவங்கதான். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இது சம்பள வேலை கிடையாது. வார நாட்களில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ பட்டறையிலோ வேலை பார்க்கிறவங்க, வார இறுதியில் வந்து விருப்பப்பட்டுச் செய்கிற வேலை. இந்த ஏற்பாடு எப்படி உருவாச்சு, நம்ம ஊருக்கு எப்படி வந்தது, இதற்கு யார் விலை கொடுத்தாங்க என்று கொஞ்ச நாளாகப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே தொகுக்கிறேன்.

சாலையில் இருந்து மைதானத்துக்கு

ஆரம்பத்தில் பந்தயங்கள் ஊர்விட்டு ஊர் போகிற சாலைகளில்தான் நடந்தன. 1903 மே 24 அன்று பாரிஸ் பக்கத்தில் வெர்சாயில் கிளம்பிய பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் ஸ்பெயின் எல்லையைக்கூடத் தொடவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் ஜனம், புழுதி, தடுப்பே இல்லாத ஊர்கள். ரெனோ நிறுவனத்தை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ உட்படப் பலர் இறந்தாங்க. பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரத்திலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது.

அந்தப் பந்தயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அங்கூலேம் ஊரில் நடந்ததுதான். பாதுகாப்புக்கு நிறுத்தியிருந்த ஒரு ராணுவ வீரர், பாதைக்குள் ஓடிய குழந்தையைக் காப்பாற்றப் பாய்ந்தார். ஓட்டுநர் விலகப் பார்த்து வண்டி கட்டுப்பாட்டை இழந்தது. அந்த வீரரும் குழந்தையும் ஒரு பார்வையாளரும் இறந்துபோனாங்க. மார்ஷல் என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே மார்ஷலின் வேலையைச் செய்து உயிர் விட்டவர் அவர் என்றுதான் சொல்லணும்.

இரண்டு பாடம் அதில் கிடைச்சது. ஒன்று, பந்தயத்தை மூடிய பாதைக்குள் கொண்டு வரணும். இரண்டு, பாதை நெடுகிலும் பார்த்துச் சொல்ல ஆள் வேணும்.

எல்லாருக்கும் தெரிந்த கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியும் இந்த ஆட்களோடு சம்பந்தப்பட்டதுதான். குதிரைப் பந்தயத்தில் இருந்து வந்தது, சாப்பாட்டு மேசைத் துணியில் இருந்து வந்தது என்றெல்லாம் கதை உண்டு. இதைத் தேடிப் போன ஃப்ரெட் எக்லாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1906-ல் நடந்த கிளிடன் டூர் என்ற நெடுந்தூர கார் ஓட்டத்தில் போய் நின்றார். பேக்கார்ட் நிறுவனத்தைச் சேர்ந்த சிட்னி வால்டன் அந்த ஓட்டத்துக்காக, வழியில் நேரம் குறிக்கிற இடங்களை அடையாளம் காட்டக் கட்டம் போட்ட கொடியைப் பயன்படுத்தினார். அங்கே உட்கார்ந்து நேரம் குறித்தவங்களுக்குச் 'செக்கர்' என்று பேர். அதே வருஷம் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் முடிவுக் கோட்டில் அந்தக் கொடி வந்துவிட்டது. இன்னைக்கு வெற்றிக்கு அடையாளமாக நாம பார்க்கிற கொடி, வழியோரம் உட்கார்ந்து நேரம் குறித்த உதவியாளர்களின் பெயர்ப்பலகையாகத்தான் பிறந்தது!

ஓடுதளங்கள் காலியானபோது

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. 1948-ல் சில்வர்ஸ்டோன் என்ற குண்டுவீச்சு விமானத் தளத்தில் வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய் ட்ரம்களையும் அடுக்கி வளைவுகளைக் குறித்துப் பந்தயம் நடத்தினாங்க. சுவர் இல்லை, மேடை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மனுஷன்தான் பாதுகாப்புச் சாதனம். எங்கே வளைவு, எங்கே எண்ணெய் சிந்தியிருக்கு, யார் உருண்டு கிடக்கிறார் என்று ஓட்டுநருக்குச் சொல்ல வேறு வழியே கிடையாது. 1957-ல் பிரிட்டிஷ் மார்ஷல்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. பயிற்சியும் தரப்படிகளும் படிப்படியாக வந்தன.

இந்தியாவிலும் இதே கதைதான். பம்பாயில் ஜூஹு, கல்கத்தாவில் பாரக்பூர், மெட்ராஸில் சோழவரம். மூணுமே ஓடுதளங்கள். சோழவரம் செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா சாலையில் இருக்கு. போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்ட தளம். 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் சோழவரம் என்பது அந்தத் தலைமுறைக்குப் பொங்கலுக்கு அடுத்த திருவிழா மாதிரி. மகாராஜாக்கள் வெளிநாட்டுக் காரோடு வந்தாங்க. கோயம்புத்தூர் மெக்கானிக்குகள் அம்பாசடரையும் ஃபியட்டையும் உரித்துப் பிரித்து எடை குறைத்துக் கொண்டு வந்தாங்க. 80-களில் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா 1 கார் ஒன்றையே அங்கே ஓட்டினார்.

பந்தயம் நடத்தியது கம்பெனி இல்லை, கிளப். இதை மறக்கக் கூடாது. கிளப் என்றால் உறுப்பினர்களின் உழைப்பு. காலையில் ஓட்டுகிறவர் மதியம் நேரம் குறிப்பார். அண்ணன் ஓட்டினால் தம்பி கொடி பிடிப்பார். காசு கொடுத்து ஆள் வைக்கிற அளவுக்கு அந்த விளையாட்டில் பணம் இருந்ததில்லை. தன்னார்வம் என்பது இங்கே ஒரு லட்சியமாக ஆரம்பிக்கவில்லை, வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது. பிறகுதான் அது பெருமையாக மாறியது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக 3.7 கி.மீ. பந்தயப் பாதையைத் திறந்தது. சோழவரம் அதற்கு முன்பே முடிந்துபோனது. நம்ம மலையில் இருந்து இறங்கினால் கிடைக்கிற பாதை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்தாங்க. 1995-ல் விமான விபத்தில் இறந்த எஸ்.கரிவரதனின் பேர்தான் அதற்கு. மாருதி எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, நடுத்தரக் குடும்பத்துப் பையன்களும் ஓட்டலாம் என்று ஆக்கியவர் அவர். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் ஆனதற்குப் பின்னால் இந்த ஊர்ப் பட்டறைகளும் கிளப்புகளும் உண்டு. அந்தப் பாதைகளின் ஓரத்தில் நின்றவங்களும் உண்டு.

ஒரு போஸ்டில் என்ன நடக்கும்?

பந்தயப் பாதையைச் சுற்றிலும் போஸ்ட்டுகள் இருக்கும். ஒரு போஸ்டில் இருந்து அடுத்த போஸ்ட் கண்ணுக்குத் தெரியணும். அதுதான் கணக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளர், கொடிக்காரர்கள், பாதையைச் சுத்தம் செய்து வண்டியைத் தள்ள ஆட்கள், தீயணைப்பானோடு ஒருத்தர். வாக்கி டாக்கியில் மேலே ரேஸ் கன்ட்ரோல். முடிவெடுப்பது அங்கே உட்கார்ந்திருக்கும் 'க்ளார்க் ஆஃப் தி கோர்ஸ்'. பேரைப் பார்த்தால் குமாஸ்தா மாதிரி இருக்கும், ஆனால் பந்தயமே அவர் கையில்தான்.

கொடிகளின் மொழி எளிமையானது. மஞ்சள் ஒன்று ஆடினால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. மஞ்சள் இரண்டு ஆடினால் பாதை அடைபட்டிருக்கலாம் அல்லது மார்ஷல்கள் பாதையில் நிற்கலாம், நிறுத்தவும் தயாராக இரு. பச்சை என்றால் ஆபத்து தாண்டியாச்சு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருது. மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை போட்டது என்றால் வழுக்கும். வெள்ளை என்றால் முன்னால் மெதுவாகப் போகிற வண்டி இருக்கு. சிவப்பு என்றால் எல்லாம் நிறுத்தம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொடிக்காரர்கள் இருவர் நிற்கிற விதம். நீலக் கொடி வைத்திருப்பவர் கார்கள் வருகிற திசையைப் பார்ப்பார். மஞ்சள் கொடி வைத்திருப்பவர் கார்கள் போகிற திசையைப் பார்ப்பார். அதாவது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் கார்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஏதாவது தறிகெட்டு வந்தால் கூட்டாளி தோளைப் பிடித்து இழுப்பார் என்ற ஒரே நம்பிக்கை. ஆளாளுக்கு ஒரு திசை, உயிர் மட்டும் அடுத்தவர் கண்ணில்.

புதுசாகச் சேருகிறவங்களுக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் 'செய்யாதே' பட்டியல்தான். உட்காராதே. போட்டோ எடுக்காதே. உனக்குப் பிடித்த ஓட்டுநர் ஜெயித்தாலும் கை தட்டாதே. கொடி நிறத்தில் சட்டை போடாதே, ஓட்டுநர் குழம்பிடுவார். நைலான் போடாதே, தீப்பிடித்தால் உடம்போடு ஒட்டும், பருத்திதான் நல்லது. உத்தரவு இல்லாமல் பாதையைக் கடக்காதே. கடைசி விதி ஏன் வந்தது என்பதற்குத் தனிக் கதை இருக்கு.

விதிகள் எழுதப்பட்ட விதம்

1973 ஜூலை 29. நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் பாதை. ரோஜர் வில்லியம்சன் என்ற இளம் ஓட்டுநரின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. அவர் உள்ளே உயிரோடு இருந்தார். பக்கத்தில் நின்ற மார்ஷல்களுக்குத் தீ தாங்கும் உடை இல்லை, போதிய பயிற்சியும் இல்லை. டேவிட் பர்லி என்ற சக ஓட்டுநர் தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து, தனி ஆளாகக் காரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. பந்தயம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மார்ஷல்களைக் கோழைகள் என்று திட்டுவது சுலபம். சாதாரணச் சட்டையோடு பெட்ரோல் தீக்குள் போ என்று அவங்களை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுது.

1977 மார்ச் 5. தென்னாப்பிரிக்காவின் கயலாமி. இங்கே நேர்மாறு. ஓரமாக நின்ற காரில் சின்னத் தீ. இரண்டு மார்ஷல்கள் உத்தரவுக்குக் காத்திருக்காமல் பாதையைக் கடந்து ஓடினாங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த கார்களுக்கு அவங்க தெரியவில்லை. தீயணைப்பானைத் தூக்கி ஓடிய ஃப்ரெடரிக் யான்சன் வான் வூரன் மேல் டாம் ப்ரைஸின் கார் மோதியது. அந்தத் தீயணைப்பான் தலையில் அடித்து ப்ரைஸும் அந்த இடத்திலேயே இறந்தார். வான் வூரனுக்கு 19 வயசு.

பயந்து நின்றாலும் சாவு, துணிந்து ஓடினாலும் சாவு. பயிற்சி என்பது தைரியத்தைக் கற்றுக் கொடுப்பது இல்லை. எப்போது ஓடணும், எப்போது நிற்கணும் என்பதைத்தான் கற்றுக் கொடுக்குது. முன்னது எல்லாரிடமும் ஓரளவு இருக்கு.

அதற்குப் பிறகும் பட்டியல் நீளுது. 2000 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்ட்டி, 2001 மார்ச்சில் மெல்போர்னில் கிரஹாம் பெவரிட்ஜ். இருவரும் கழன்று பறந்த சக்கரம் பட்டு இறந்த மார்ஷல்கள். கார்கள் மோதினாலும் சக்கரம் தனியாகப் பறக்காமல் இருக்கக் கம்பிக்கயிறு கட்டும் விதி ஏற்கெனவே இருந்தது. இந்தச் சாவுகளுக்குப் பிறகு அதை இன்னும் பலப்படுத்தினாங்க. 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசுகாவில், இரட்டை மஞ்சள் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கிப் போய், வேறொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த இயந்திரத்தில் மோதியது. ஒன்பது மாசம் கழித்து அவர் இறந்தார். கொடியைப் பார்த்தும் போதுமான அளவு வேகம் குறைக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. எவ்வளவு குறைக்கணும் என்பதை ஓட்டுநரின் மனசுக்கு விடாமல், எல்லாரும் ஒரே அளவுக்குக் குறைக்க வேண்டிய 'விர்ச்சுவல் சேஃப்டி கார்' முறை 2015-ல் வந்தது.

கடல் தாண்டி ஒரு தேயிலை மலை

கோத்தகிரிக்காரங்களுக்கு இந்தக் கதையில் நெருக்கமான பகுதி இலங்கையில்தான் இருக்கு. நீலகிரியில் இல்லாத ஒன்று அங்கே உண்டு: தேயிலை மலையில் நிலைத்துப்போன ஒரு பந்தயப் பழக்கம். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை தோட்டத்துச் சாலையில் 1934-ல் ஆரம்பித்த மலையேற்றப் பந்தயம் ஆசியாவின் மிகப் பழையவற்றில் ஒன்று. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு ஜனம் மலைக்கு வரும், பந்தயமும் அப்போதுதான். அதே மாசத்தில் தியத்தலாவையில் ராணுவம் நடத்தும் ஃபாக்ஸ் ஹில் பந்தயம்.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. 2019-க்குப் பிறகு முதல் முறையாக ஃபாக்ஸ் ஹில் நடந்தது. ஒரு கார் பாதையோரம் கவிழ்ந்தது. மார்ஷல்கள் மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது வெளியான காணொளிகளில் தெரிஞ்சது. கார்கள் பந்தயத்தைத் தொடர்ந்தன. அடுத்து ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தாங்க. பந்தய உதவியாளர்களும் அந்த ஏழு பேரில் உண்டு.

தியத்தலாவை இருப்பது பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் பக்கத்தில். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அவங்களுக்காக 1968-ல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் இன்னைக்கு டான்டீ. எங்க தெருவில் பண்டாரவளையில் பிறந்த பாட்டி ஒருத்தர் இருக்காங்க. அந்தச் செய்தி வந்த ராத்திரி அவங்க வீட்டில் போன் ஓயவே இல்லை, அங்கே இன்னும் சொந்தம் இருக்கு. மறுநாள் பார்த்தபோது அவங்க கேட்டது ஒண்ணுதான்: "கொடி காட்டுனவன் சொன்னத யாருமே கேக்கலியா தம்பி?"

பாதுகாப்பு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரம் இந்தக் கேள்வியில் இருக்கு. கொடிக்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் கிடையாது. அது துணி. ஓட்டுகிறவர் மதிக்கணும், மதிக்காதவரைத் தண்டிக்க அமைப்பு இருக்கணும், கொடிக்காரருக்கும் காருக்கும் நடுவில் தடுப்பு இருக்கணும், கூட்டம் தள்ளி நிற்கணும். இதில் ஒன்று குறைந்தாலும், அந்தத் துணியைப் பிடித்தவர் வெறும் கையோடு நிற்கிறார் என்றுதான் அர்த்தம்.

நம்ம பக்கம்

2011 அக்டோபரில் டெல்லிக்குப் பக்கத்தில் புத் பாதையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. முதல் நாள் முதல் பயிற்சி ஓட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே சிவப்புக் கொடி. காரணம், பாதைக்குள் புகுந்த தெருநாய்! உலகமே சிரித்தது. ஆனால் மார்ஷல் கண்ணோடு பார்த்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த வேகத்தில் நாய் மேல் மோதினால் ஓட்டுநரும் போகலாம். பார்த்தாங்க, சொன்னாங்க, நிறுத்தினாங்க, விரட்டினாங்க, மறுபடி தொடங்கினாங்க. வேலை சரியாகத்தான் நடந்தது.

ராலி என்றால் கதையே வேற. சிக்மகளூர் காபித் தோட்டங்களில் தேசிய ராலி நடக்கும்போது, மூடவேண்டியது மைதானம் இல்லை, மக்கள் நடமாடுகிற வழி. ஒவ்வொரு கிளைப்பாதைக்கும் ஒரு ஆள். பால் கேனோடு வருகிறவர், மாடு ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்கிறவர், எல்லாருக்கும் பதில் சொல்லணும். உள்ளூர்ப் பேச்சு தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடணும் என்பதைக் குஞ்சப்பனையில் இருந்து அரவேணு வரைக்கும் தினமும் யாராவது யாருக்காவது கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிற ஊர்க்காரன் என்பதால், இந்த வேலையின் கஷ்டம் எனக்குக் கொஞ்சம் புரியுது.

2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் 59 வயது அனுபவ ஓட்டுநர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் அதே பாதையில் பைக் ஓட்டிய 13 வயதுப் பையன் இறந்தான். சில நிமிஷங்களில் முதலில் ஓடிப் போய்ச் சேருகிறவங்க மார்ஷல்கள்தான், அதன் பிறகுதான் டாக்டர். திங்கட்கிழமை காலையில் அவங்க வழக்கமான வேலைக்குப் போயாகணும். கோவையில் பல வருஷமாகக் கொடி பிடிக்கிற ஒரு நண்பரிடம் இதைக் கேட்டேன். "அதைப் பத்தி யாரும் எங்களைக் கேட்டதில்லை" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருப் பாதையில் இரவுப் பந்தயம் நடந்தது. அரசு ஆதரவு, டிக்கெட், விளம்பரம், தொலைக்காட்சி எல்லாம் வந்துவிட்டது. இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. கையில் காசில்லாத கிளப், நண்பர்களைக் கூப்பிட்டு நடத்திய சோழவரத்தில் தன்னார்வம் நியாயமாக இருந்தது. எல்லாரும் அதே கையோடுதான் கொடுத்தாங்க. வியாபாரமாக நடக்கிற பந்தயத்தில் ஓட்டுநர், மெக்கானிக், கேமராக்காரர், பந்தல் போடுகிறவர் எல்லாருக்கும் கூலி உண்டு. தடுப்பு வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் சாப்பாடு, டி-ஷர்ட், சில இடங்களில் கொஞ்சம் தினப்படி.

சம்பளம் கொடுத்தால் ஆர்வம் இல்லாதவங்க வந்துடுவாங்க, பந்தயத்தை நேசிக்கிறவங்கதான் கண் இமைக்காமல் நிற்பாங்க என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கு. மலை ரயில் பிரேக்ஸ்மேன் சம்பளம் வாங்கிக்கொண்டு கண் இமைக்காமல்தான் நிற்கிறார் என்பதும் உண்மை. சம்பளம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடு முடிவு பண்ணட்டும். ஆனால் முழு காப்பீடு, தீ தாங்கும் உடை, ஒழுங்கான பயிற்சி, விபத்துக்குப் பிறகு உட்கார்ந்து பேச ஒரு ஆள், இதெல்லாம் தன்னார்வலருக்கு நாம செய்கிற உபகாரம் இல்லை. ஸாண்ட்வோர்டும் கயலாமியும் தியத்தலாவையும் எழுதிக் கொடுத்த குறைந்தபட்சக் கணக்கு.

கடைசியாக ஒன்று. சோழவரத்தில் யார் ஜெயித்தாங்க, எந்தக் காரில், எத்தனை நிமிஷத்தில் என்பதெல்லாம் பழைய பத்திரிகைகளில் கிடைக்குது. எந்த வளைவில் யார் நின்றார் என்பது அச்சில் வருகிற விஷயம் இல்லை. அங்கே கொடி பிடித்தவங்களில் கடைசித் தலைமுறையே இப்போ அறுபதை நெருங்கியிருக்கும். உங்க வீட்டில், உங்க தெருவில் அப்படி ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருந்தால், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்க. எந்த வளைவு, பக்கத்தில் யார் நின்றாங்க, எந்த வருஷம். கேட்டதை எழுதி வையுங்க.